கஞ்சா மனத்தையும் உடலையும் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சாவைப் பற்றிய பேச்சு நம்மிடையே இரண்டு முனைகளில் நிற்கிறது. ஒரு முறை இழுத்தாலே புத்தி பேதலித்துவிடும் என்பது ஒரு முனை. சாமியார்களே பிடிக்கிறார்கள், வெறும் இலைதானே என்பது மறு முனை. முதலாவதை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, நண்பர்களோடு ஒரு முறை பிடித்துப் பார்த்துத் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டதும், பெரியவர்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் பொய்யென்று ஒதுக்கிவிடுகிறது. ஆகவே, உறுதியாகத் தெரிந்த தீங்குகளை அவற்றின் உண்மையான அளவில், கூட்டாமல் குறைக்காமல் சொல்வதே பயன் தரும் என்று நம்பி இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். எந்த வயதில் தொடங்குகிறார், எவ்வளவு வீரியமான சரக்கு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்ற நான்கும் கீழே திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்குக் கஞ்சா என்ன செய்யும் என்பதைப் பெரும்பாலும் இந்த நான்குமே தீர்மானிக்கின்றன.

கஞ்சா, பாங், சரஸ் ஆகியவை வெவ்வேறு பொருள்களா?

மூன்றும் ஒரே செடியிலிருந்து வருபவை. பெண் செடியின் பூக்கொத்து கஞ்சா. அதன் பிசினைத் திரட்டினால் சரஸ். இலையை அரைத்தால் பாங். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பூ, காய் கொண்ட நுனிகளையும் பிசினையும் தடை செய்கிறது. தனியாக எடுத்த இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. வடமாநிலங்கள் சிலவற்றில் பாங் வெளிப்படையாக விற்கப்படுவதற்கு இதுவே காரணம். சட்டம் போட்ட இந்தக் கோட்டை உடல் அறியாது. மூன்றிலும் போதை தருவது டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற ஒரே வேதிப்பொருள்தான். இதைச் சுருக்கமாக டிஎச்சி என்பர். பிசினில் அது மிகுதி, இலையில் குறைவு.

அது மூளைக்குள் எப்படி வேலை செய்கிறது?

டிஎச்சியை 1964-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் தனியே பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1988-இல் தெரியவந்தது. ஒரு செடியின் சாற்றுக்காக மனித மூளையில் பூட்டு அமைந்திருக்க முடியாது என்பதால், உடல் தானே செய்துகொள்ளும் சாவி ஒன்று இருக்க வேண்டும் என்று தேடியவர்கள் 1992-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. நாம் அன்றாடம் சொல்லும் ஆனந்தம்தான் அதன் வேர்.

இந்த ஆனந்தமைடு நரம்பணுக்களுக்கு இடையில் தேவையான இடத்தில், தேவையான நொடியில், மிகச் சிறிய அளவில் சுரந்து உடனே கரைந்துவிடுகிறது. பசி, வலி, அச்சம், நினைவு, உறக்கம் ஆகியவற்றின் சுருதியை ஏற்றி இறக்குவது அதன் வேலை. கஞ்சாப் புகை உள்ளே சென்றால் டிஎச்சி இடம் பார்க்காமல் எல்லா ஏற்பிகளிலும் ஒரே நேரத்தில் அமர்ந்து, மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. நினைவைப் பதிக்கும் பகுதியில் அமர்வதால் சற்று முன் சொன்னது மறந்துபோகிறது. அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையில் அமர்வதால் நடை தடுமாறுகிறது. அச்சத்தை ஆளும் பகுதியில் அமர்வதால் ஒருவருக்கு நிம்மதியும் இன்னொருவருக்குப் பீதியும் வருகின்றன. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. ஹெராயினைப் போல அளவு மீறினால் மூச்சு நின்று மரணம் நேர்வது கஞ்சாவால் மட்டும் பெரியவர்களுக்கு ஏறக்குறைய நிகழாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

பிடித்தவுடன் என்ன நடக்கும்? எவ்வளவு நேரம் நீடிக்கும்?

புகைத்தால் சில நிமிடங்களிலேயே தொடங்கி, அரை மணிக்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் தணியும். கண் சிவக்கும், வாய் உலரும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடும், பசி எடுக்கும். காலம் மெதுவாக நகர்வதாகத் தோன்றும். சாதாரணச் சொல்லும் சிரிப்பை மூட்டும். அதே அளவு, அதே அறையில், இன்னொருவருக்கு நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோம் என்ற பயமும் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் வருவதுண்டு. அத்தகையவரை அமைதியான இடத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இது சில மணி நேரத்தில் தணியும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் போதும். நெஞ்சு வலி, மயக்கம், மூர்க்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கஞ்சா சாக்லேட், பாங் உருண்டை போன்றவை புகையை விட லேசானவை அல்லவா?

இந்த எண்ணம்தான் பலரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது. வாய்வழியே சென்றது குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலில் மேலும் வீரியமான வேறொரு வடிவமாக மாறி, அதன் பிறகே மூளையை அடைகிறது. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை எதுவும் தெரியாது. ஒன்றும் ஏறவில்லையே என்று இரண்டாவது துண்டைத் தின்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. அது சில நேரம் அரைநாள் வரைகூட இறங்காது. தவிர, சாக்லேட் உறையில் வரும் பொருளில் எவ்வளவு டிஎச்சி இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்பதை விற்பவரும் அறியமாட்டார்.

வீட்டில் குழந்தை இருந்தால் இது பெரும் ஆபத்து. சாக்லேட் என்று எடுத்துத் தின்ற சிறு குழந்தைக்கு எழுப்ப முடியாத மயக்கமும், மூச்சுத் தடுமாற்றமும் வரக்கூடும். அப்போது அவமானத்துக்கு அஞ்சி மறைக்காமல், குழந்தை என்ன தின்றது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் மூளைக் காய்ச்சலா, விஷமா என்று தேடுவதிலேயே நேரம் கழிந்துவிடும்.

வளரும் வயதில் பிடித்தால் மட்டும் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. திட்டமிடுவதும் ஆசையை அடக்குவதும் பின்விளைவை எண்ணிப் பார்ப்பதும் அந்தப் பகுதியின் பொறுப்புகள். தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்து, தேவையானவற்றை உறுதிப்படுத்தும் அந்த வேலையில் உடலின் சொந்த ஆனந்தமைடு அமைப்புக்கும் பங்கு உண்டு. கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போது சாரத்தை ஆட்டுவதும், கட்டி முடித்த வீட்டின் சுவரைத் தட்டுவதும் ஒன்றாகா.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆய்வாளர்கள் இன்றுவரை பின்தொடர்கிறார்கள். பதின்பருவத்தில் தொடங்கி நடுவயது வரை விடாமல் கஞ்சா பிடித்தவர்களுக்கு, சிறுவயதில் இருந்ததைவிட 38 வயதில் அறிவுத்திறன் அளவெண் (ஐ.க்யூ.) எட்டுப் புள்ளி வரை குறைந்திருந்ததாக 2012-இல் அவர்கள் வெளியிட்டார்கள். பெரியவரான பின் தொடங்கியவர்களிடம் அந்தச் சரிவு தெரியவில்லை. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரட்டையரில் ஒருவர் பிடித்து மற்றவர் பிடிக்காத குடும்பங்களை ஒப்பிட்ட பிற ஆய்வுகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆகவே, சரிவின் ஒரு பகுதிக்குக் குடும்பச் சூழலும் காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரு பெற்றோருக்கு இந்த விவாதத்தின் முடிவு அத்தனை முக்கியமில்லை என்பது என் கருத்து. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் தினமும் பிடிக்கும் மாணவரின் கவனமும் குறுகிய கால நினைவும் அந்த இரண்டு ஆண்டுகளில் மங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. அந்த இரண்டு ஆண்டுகளை நம் கல்விமுறை அவருக்குத் திருப்பித் தருவதில்லை.

நிறுத்தினால் நினைவாற்றல் திரும்புமா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பும். நீண்ட காலம் பிடித்தவர்களை நிறுத்தச்செய்து சோதித்தபோது, முதல் வாரத்தில் தெளிவாகத் தெரிந்த நினைவுக்குறை 28-ஆம் நாளில் ஏறக்குறைய இல்லாமல் போனதாக 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. பதின்பருவத்தில் தொடங்கியவர்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

கஞ்சா பிடித்தால் மனநோய் வருமா?

பிடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. சிலருக்கு வருகிறது, அந்தச் சிலருக்கு வாழ்க்கையே திசைமாறிப் போகிறது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1969–70-இல் சுவீடனில் இராணுவப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. பயிற்சியில் சேர்வதற்கு முன்பே 50 முறைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு, பிடிக்காதவர்களைவிட மனச்சிதைவு நோய் (இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை உறுதியாக நம்புவது போன்றவை நீடிக்கும் ஸ்கிசோஃப்ரீனியா) ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வறுமை, குடும்பக் குழப்பம், முன்பே இருந்த மனக்குறை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்தபோது அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறைந்துவிடவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு, வீரியத்தையும் கணக்கில் எடுத்தது. தினமும் பிடிப்பவர்களுக்குத் தீவிர மனநோய் வருவதற்கான வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகவும், டிஎச்சி 10 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள சரக்கைத் தினமும் பிடிப்பவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகவும் இருந்தது.

மடங்குக் கணக்கு அச்சுறுத்தும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனச்சிதைவு நோய் பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருவது. நூறில் ஒருவர் என்பது நான்கைந்து பேராவது, தொண்ணூற்றைந்து பேருக்கு எதுவும் நேரவில்லை என்பதையும் உள்ளடக்கியதே. அந்த நான்கைந்து பேரில் ஒருவராக நாம் இருப்போமா என்பதை முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நமக்குத் தெரிந்த பெரிய முன்குறி ஒன்றே: பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ யாருக்காவது மனச்சிதைவோ, மிகையான உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ இருந்திருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து பல மடங்கு நெருக்கமானது. தாய்மாமனுக்குச் சித்தம் கலங்கியிருந்ததையும் பெரியம்மா பல ஆண்டுகள் அறைக்குள்ளேயே இருந்ததையும் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைப்பது நம் குடும்பங்களின் வழக்கம். பிள்ளைகளிடமாவது அதை மறைக்காதீர்கள். கஞ்சாவைத் தொடாமல் இருக்க மற்றவரைவிடத் தனக்கு வலுவான காரணம் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மனநோய் தொடங்கிய பிறகுதான் அமைதி தேடிக் கஞ்சாவுக்குப் போகிறார்கள் என்று சிலர் வாதிடுவதுண்டு. அப்படியும் நடக்கிறது. ஆனால் அதுவே முழு விளக்கமாக இருந்தால், வீரியம் கூடக்கூட ஆபத்தும் கூடுவதற்குக் காரணம் இருந்திருக்காது.

எந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

யாரும் இல்லாதபோது குரல் கேட்பதாகச் சொல்வது, தனக்குத்தானே பேசிச் சிரிப்பது, வீட்டார் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது, தொலைபேசி வழியே தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்பது, இரவுகள் தொடர்ந்து உறங்காமல் அலைவது ஆகியவற்றில் எதுவும் போதை இறங்கிய பிறகும் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. கஞ்சாவால் தூண்டப்பட்ட மனநோய் என்று கண்டறியப்பட்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது பின்னர் மனச்சிதைவு நோயாக நிலைத்துவிடுகிறது. சிகிச்சை எவ்வளவு முன்பாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. செய்வினை, காத்துக் கருப்பு என்று மந்திரித்துத் திரிவதில் போகும் மாதங்களே மிகவும் விலையுயர்ந்த மாதங்கள். கோயிலுக்குப் போவது மனத்துக்கு ஆறுதல் தரும் என்றால் தாராளமாகப் போங்கள். மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் போங்கள்.

கவலைக்கும் தூக்கமின்மைக்கும் அது நல்லது என்கிறார்களே?

முதல் சில வாரங்களுக்கு அப்படித்தான் தோன்றும். குறைந்த அளவு டிஎச்சி பதற்றத்தைத் தணிக்கும்; அளவு கூடினால் அதே பொருள் பதற்றத்தை மூட்டும். தினமும் பிடிக்கும்போது மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்வதால், முன்பு ஒரு பொட்டலம் தந்த அமைதிக்கு இப்போது இரண்டு தேவைப்படும். பிடிக்காத நேரத்தில் பதற்றம் முன்பிருந்ததைவிடக் கூடுதலாக வரும். அதைத் தணிக்க மறுபடியும் பிடித்துவிட்டு, கஞ்சாதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவர் உண்மையாகவே நம்புவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தணித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கஞ்சா உண்டாக்கிய பதற்றத்தையே.

தூக்கமும் அப்படியே. சீக்கிரம் கண் அயரும். ஆனால் கனவு காணும் உறக்கம் சுருங்கும். நிறுத்தியதும் அது பெருக்கெடுத்துத் திரும்புவதால் சில வாரங்களுக்குப் பயங்கரக் கனவுகள் வரும்.

நுரையீரலுக்கும் இதயத்துக்கும் என்ன ஆகும்?

நாள்பட்ட இருமல், சளி, மூச்சிரைப்பு ஆகியவை தொடர்ந்து புகைப்பவர்களுக்கு வருகின்றன. நிறுத்தினால் பெருமளவு குறைகின்றன. புகையிலை கலக்காத கஞ்சாப் புகையும் நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது என்று இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகப் புகைப்பவர் அரிது. சிகரெட்டையோ பீடியையோ பிரித்து, புகையிலையோடு கலந்துதான் நிரப்புகிறார்கள். புகையிலையின் தீங்கு முழுவதும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. சிகரெட் பழக்கமே இல்லாத பிள்ளை கஞ்சாவின் வழியே நிக்கோட்டினுக்கும் அடிமையாவதை இதனால்தான் காண்கிறோம்.

இதயம் வேகமாகத் துடிக்கும். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றலாம். மாரடைப்பு வந்தவர்களிடம் விசாரித்த 2001-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காவதாகச் சொன்னது. இருபது வயது இதயம் இதைத் தாங்கிவிடக்கூடும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஐம்பது வயதுக்காரர் அதே நம்பிக்கையில் இருக்கக் கூடாது.

விடாமல் வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் நிற்கிறது. இதற்கும் கஞ்சாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இதை அறியாதவர்கள் ஏராளம் என்பதால் சற்று விளக்குகிறேன். ஆண்டுக்கணக்கில் தினமும் கஞ்சா பிடிப்பவர்களில் சிலருக்கு, காலைக் குமட்டலில் தொடங்கி, பிறகு நாள் முழுதும் அடக்க முடியாத வாந்தியும் வயிற்று வலியும் வருகின்றன. 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இதன் அடையாளமே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதுதான். ஒரு நாளில் பல முறை, மணிக்கணக்கில் குளியலறையிலேயே கிடப்பார்கள். கஞ்சா வாந்தியை நிறுத்தும் பொருள் என்று பெயர் பெற்றிருப்பதால், அதுவே காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வாந்திக்கு மருந்தாக மேலும் பிடிப்பவரும் உண்டு. எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் என்று பணம் கரையும். எல்லாம் இயல்பு என்றே வரும். உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் வாந்தி நிற்காதபோது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நிலையான தீர்வு ஒன்றே ஒன்று: முழுவதுமாக நிறுத்துவது. மீண்டும் தொடங்கினால் வாந்தியும் மீண்டும் தொடங்கும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்?

கூடவே கூடாது. டிஎச்சி நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. குறைந்த எடையோடு குழந்தை பிறப்பதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் தாய்ப்பாலிலும் பல நாட்கள் தங்குகிறது. ஆண்களுக்குத் தொடர்ந்த பயன்பாடு விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். குழந்தைப் பேற்றுக்காக மருத்துவம் பார்ப்பவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கஞ்சா அடிமையாக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்களே?

ஒரு முறையேனும் பயன்படுத்தியவர்களில் சுமார் நூற்றுக்கு ஒன்பது பேர் அடிமையாவதாக அமெரிக்கக் கணக்கெடுப்புகள் காட்டின. பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ ஆறில் ஒருவர். மது, ஹெராயினை விட இது குறைவுதான். ஆனாலும் இந்திய அரசின் சமூக நீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்தைய ஓராண்டில் கஞ்சாச் செடிப் பொருள்களைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 72 இலட்சம் பேருக்கு அதனால் வந்த சிக்கல்களுக்கு உதவி தேவைப்பட்டது.

விட்டதும் உடல் நடுங்கிச் சுருண்டு விழுவதை மட்டும் அடிமைத்தனம் என்று எண்ணுவதால்தான் இந்தக் குழப்பம். கஞ்சாவின் விலகல் அறிகுறிகள் வேறு வகையானவை. கடைசியாகப் பிடித்த ஓரிரு நாளில் எரிச்சலும் சிடுசிடுப்பும் தொடங்கும், பசி போய்விடும், உறக்கம் வராது, வியர்க்கும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரங்களில் தணிவு. அந்த நாட்களில் வீட்டில் கதவை அறைந்து சாத்துபவரைப் பார்த்து, திருந்துவதாகச் சொல்லிவிட்டு இப்படி நடந்துகொள்கிறானே என்று குடும்பம் சண்டைக்குப் போகிறது. அவர் உண்மையில் நிறுத்தியிருப்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கலாம் என்பதை யாராவது சொல்லியிருந்தால், பல வீடுகளில் அந்த மூன்று வாரம் கைகூடியிருக்கும்.

மூலிகைதானே? சித்த மருத்துவத்திலும் நவீன மருத்துவத்திலும் பயன்படுத்துகிறார்களே?

பயன்படுத்துகிறார்கள். ஆனால் சித்த மருத்துவம் கஞ்சாவைத் தூய்மைப்படுத்தி, பிற சரக்குகளோடு அளவாகச் சேர்த்து, நோய்க்கு மருந்தாகத் தருகிறது. சுருட்டிப் புகைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது அந்த மருத்துவத்துக்கே இழுக்கு. நவீன மருத்துவத்தில், புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்குச் செயற்கை டிஎச்சி மாத்திரை 1985-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கஞ்சாச் செடியிலேயே உள்ள, போதை தராத கன்னாபிடியால் என்ற பொருளிலிருந்து செய்த மருந்து, குழந்தைகளுக்கு வரும் சில கொடிய வலிப்பு நோய்களுக்கு 2018-இல் அனுமதி பெற்றது. இவை அளவும் தூய்மையும் சோதிக்கப்பட்டவை. தெருவில் கிடைப்பதில் அந்த இரண்டும் இல்லை. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் சராசரி டிஎச்சி 1995-இல் சுமார் 4 விழுக்காடாகவும், 2014-இல் சுமார் 12 விழுக்காடாகவும் இருந்தது. தாத்தா காலத்துக் கஞ்சாவை வைத்து இன்றைய சரக்கை எடைபோட இயலாது என்பதற்கு அதுவே போதும்.

மதுவை விடத் தீங்கு குறைவுதானே?

ஈரலைக் கெடுப்பதிலும் உயிரைப் பறிப்பதிலும் மது முன்னால் நிற்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். மதுவோடு சேரும்போது இரத்தத்தில் டிஎச்சியின் அளவு கூடுகிறது. வண்டி ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. கஞ்சா பிடித்தவர் மெதுவாக ஓட்டுவதால் பாதுகாப்பு என்று எண்ணுகிறார். குறுக்கே வரும் குழந்தைக்காகப் பிரேக்கை அழுத்தும் அந்த அரை நொடி அவரிடம் இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் எத்தனை நாள் தெரியும்?

ஒரு முறை பிடித்தவருக்குச் சுமார் மூன்று நாள். தினமும் பிடித்தவருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ. கொழுப்பில் சேர்ந்து மெல்ல மெல்ல வெளியேறுவதே காரணம். எலுமிச்சைச் சாறும் மோரும் அதை விரட்டுவதில்லை.

பிள்ளையின் பையில் பொட்டலம் இருந்தது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

அன்றிரவே எதையும் தீர்க்க முயலாதீர்கள். போதையில் இருக்கும்போதும், உங்கள் கோபம் கொதிக்கும்போதும் பேசிப் பயனில்லை. மறுநாள், உறவினர் யாரையும் கூட்டாமல், எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எதற்காக என்று கேளுங்கள். எதற்காக என்பதே முதன்மையான கேள்வி. கேலி, தோல்வி, தனிமை, உறக்கமின்மை, வெளியே தெரியாத மனச்சோர்வு என்று அதற்குள் ஏதேனும் ஒன்று இருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. எப்போதோ ஓரிரு முறை பிடித்தவரையும் தினமும் பிடிப்பவரையும் ஒரே விதமாக நடத்தாதீர்கள். முன்னவருக்குத் தெளிவான பேச்சும் கவனிப்பும் போதும். பின்னவருக்கு மருத்துவர் தேவை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களிடமும் இலவசமாகக் காட்டலாம். கஞ்சாவை மறக்கச்செய்யும் தனி மாத்திரை இன்னும் இல்லை. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சில வாரங்கள் மருந்தும், பிடிக்கத் தூண்டும் சூழல்களை அறிந்து சமாளிக்கக் கற்றுத்தரும் தொடர்ந்த ஆலோசனையுமே சிகிச்சை. பலர் ஓரிரு முறை மீண்டும் விழுகிறார்கள். அது சிகிச்சையின் தோல்வி அல்ல. இரத்தக் கொதிப்பு மாத்திரையை இடையில் விட்டவர் மறுபடியும் தொடங்குவதைப் போன்றது.

அடித்துத் திருத்தித் தருவோம் என்று சொல்லும் மையங்களில் யாரையும் விடாதீர்கள். போதைப் பயன்பாட்டோடு வரும் மனநிலைகளையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாகவே ஏற்கிறது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்ட மையம்தானா என்று கேட்பது உங்கள் உரிமை. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்திலிருந்து அப்போதே திரும்பி வந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் சொன்னால் போலீசுக்குப் போகுமா?

சிகிச்சைக்கு வந்தவரைக் காட்டிக்கொடுப்பது மருத்துவரின் வேலை அல்ல. கஞ்சாவை வைத்திருப்பது குற்றம்தான்; 1 கிலோ வரை உள்ள சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 20 கிலோவுக்கு மேல் என்றால் தண்டனை பத்தாண்டில்தான் தொடங்குகிறது. ஆனால் மேலே சொன்ன 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு ஆளான அடிமைநிலையாளர், அரசு நடத்தும் அல்லது அரசின் ஏற்புப் பெற்ற நிலையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கப்படலாம். வழக்கு ஏற்கெனவே இருந்தால், இந்தப் பிரிவைப் பற்றி வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

நேரில் போகத் தயங்குபவர்கள் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐயும், மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416-ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம். டெலி-மானஸில் தமிழிலேயே பேசலாம்.